மேஜர் லோவெட்டின் தொட்டில்

ஹாலோ துறைக் காவல் முகாம், கனெக்டிகட் கரை
ஏப்ரல் 11, 1780

எதிர்க்கரையில், லாங் ஐலண்டில், இங்கிலாந்து அரசரின் படைக்குத் தலைமை வகிக்கும் மேஜர் கிறிஸ்பின் லோவெட் அவர்களுக்கு,

கர்னல் எலிஹூ வார்ட்வெல் வணக்கத்தோடு எழுதுவது. இந்தக் குளிருக்கு நமக்கு நடுவில் இருக்கும் கடலே உறைந்து கிடந்ததே, உங்கள் கால் பெருவிரல் வீக்கம் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் காலாணி ஒன்றுதான் அரசர் கட்சியில் சேர்ந்துவிட்டது. அடி எடுத்து வைத்தால் எனக்கு எதிராக வேலை செய்கிறது.

வெள்ளைக்கொடிப் படகில் போகும் கடிதத்தை ஒட்டக்கூடாது என்பது நம் இரு தரப்புக்கும் விதி. என் தலைமையகமும் படிக்கும், உங்கள் தலைமையகமும் படிக்கும். படிக்கட்டும். இதில் போர் ரகசியம் ஏதுமில்லை. உங்கள் தங்கை மெஹிதபெல் உண்டாகியிருக்கிறாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். இதற்கு முன் இரண்டு முறை கைக்கு வராமலே போனது உங்களுக்குத் தெரியாது. அப்போது நாம் பேச்சுவார்த்தையில் இல்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் என்னை அரசருக்குத் துரோகி என்று சொல்ல, "எனக்கு அண்ணனே கிடையாது!" என்று கரண்டியை வீசிவிட்டு எழுந்து வந்தவள், அன்றிலிருந்து உங்கள் பெயரை எடுத்ததில்லை. போன ஞாயிறு மாவு பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த ஆள் வீட்டுப் பரண்ல எங்கம்மா தொட்டில் இருக்கு. லோவெட் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் அதுலதான் கிடந்து வளந்துச்சுங்க. அது வந்து சேர்ந்தா இந்தத் தடவை நிக்கும்னு தோணுது."

"யாரு அந்த ஆள்?" என்று கேட்டேன். மாவுக் கையோடு முதுகில் ஒன்று வைத்தாள்.

மச்சான், அவள் கேட்டுவிட்டாள். அதுவே பெரிய விஷயம். செப்டம்பர் என்கிறாள் மருத்துவச்சி. அதற்குள் தொட்டிலை அனுப்பிவையுங்கள்.

களத்தில் எதிரி, வீட்டில் உறவு,
எலிஹூ வார்ட்வெல், கர்னல்

*

லாங் ஐலண்ட்
ஏப்ரல் 20, 1780

திரு. எலிஹூ வார்ட்வெல் அவர்களுக்கு,

நலம். என் பெருவிரல் இரு தரப்புத் தளபதிகளும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அல்ல என்பதைக் கண்டிப்போடு தெரிவிக்கிறேன்.

கலகக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் பதவிகளை அரசரின் அதிகாரி எழுத்தில் ஏற்க முடியாது. ஆகவே 'திரு.' போட்டிருக்கிறேன். வருத்தப்படாதீர்.

அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா? சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எதையும் தொடமாட்டாள். புளிப்பு இருந்தால் இறங்கும். எங்கள் கப்பல்களில் எலுமிச்சை வருகிறது. ஒரு கூடை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேஜர் கிறிஸ்பின் லோவெட்

*

ஹாலோ துறை
ஏப்ரல் 24, 1780

மேஜர் லோவெட் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சங்கதி நலமா?

'திரு. வார்ட்வெல்' என்ற பெயரில் இந்த முகாமில் ஒருவரும் இல்லை. அந்தக் கடிதத்தைப் படிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். படித்திருந்தால், தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே மச்சான் என்று கேட்டிருப்பேன்.

எலுமிச்சைகளின் மேல் பெயர் ஏதும் எழுதியிருக்கவில்லை. அதனால் அவற்றை வைத்துக்கொண்டோம். மெஹிதபெல் ஒன்றை நறுக்கி உப்புத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். "எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். "கடல்ல மிதந்து வந்துச்சு," என்றேன். "கூடையோடவா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு, நலமே உள்ள,
கர்னல் (மறுபடியும் சொல்கிறேன், கர்னல்) எலிஹூ வார்ட்வெல்

*

லாங் ஐலண்ட்
மே 19, 1780

மாப்பிள்ளை எலிஹூ வார்ட்வெல் அவர்களுக்கு,

பதில் தாமதமானது. உம்மை எப்படி விளிப்பது என்று என் அலுவலகம் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் எனக்கே தோன்றியது: மாப்பிள்ளை என்பதும் ஒரு பதவிதானே. அதை அரசரும் கொடுக்கவில்லை, உங்கள் கலகச் சபையான காங்கிரசும் கொடுக்கவில்லை. என் தங்கை கொடுத்தாள். நான் எவ்வளவு தடுத்தும் கொடுத்தாள். ஆகவே அது செல்லும்.

இரண்டு முறை பிள்ளை தங்காமல் போனதை உமது முதல் கடிதத்தில்தான் அறிந்தேன். எழுதத் தெரியவில்லை. ஆகவே எழுதவில்லை.

தொட்டில் பத்திரமாக இருக்கிறது. போன குளிர்காலத்தில் இங்கே விறகுப் பஞ்சம் மிகக் கொடுமை. என் வீட்டில் தங்கவைக்கப்பட்ட படைப்பிரிவு வேலி, கோழிக்கூடு, மாடிப்படியின் கைப்பிடி என்று ஒன்று விடாமல் எரித்துக் குளிர்காய்ந்துவிட்டது. நான் அப்போது நியூயார்க் நகரத்தில் இருந்தேன். அது போகட்டும். தொட்டில் பரணில் இருக்கிறது. கொஞ்சம் பூச்சு வேலை பாக்கி. முடிந்ததும் அனுப்புகிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. தலைப்பக்கப் பலகையில் ஒரு பறவை செதுக்கியிருக்குமே, அது காடையா, புறாவா என்று அவளுக்கு நினைவிருக்கிறதா? சும்மா ஒரு ஆர்வம்தான்.

அவள் நலம் அறியக் காத்திருக்கும்,
கிறிஸ்பின் லோவெட், மேஜர்

*

ஹாலோ துறை
ஜூன் 3, 1780

அன்புள்ள மச்சானுக்கு,

பதவியை ஏற்றுக்கொண்டேன். சம்பளம்தான் இல்லை.

இங்கே எல்லோரும் நலம். குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது! நேற்று மெஹிதபெல் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு குத்து. நான் பாட்டுக்கு வீட்டிற்குள் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்த, வாசலில் நின்ற காவல்காரன் தாக்குதல் என்று நினைத்து வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டான்.

உங்கள் கேள்வியைக் கேட்டேன். "காடைதான். அதுகூடத் தெரியாதா அந்த ஆளுக்கு? பரண்லதானே இருக்கு, ஏணி வச்சு ஏறிப் பாக்கட்டுமே!" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன். அப்புறம் அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வேறொரு விஷயம். போன வாரம் உங்கள் ஆட்கள் இந்தக் கரைக்கு வந்து, என் சார்ஜெண்ட் ஒபடையாவின் பன்றியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொழுத்த பெட்டை. மகாராணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைச் சமைத்துவிடாதீர்கள்.

இதோடு எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி ஒன்று வருகிறது. பெருவிரலுக்கு ஆகாது என்றால் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
எலிஹூ

*

லாங் ஐலண்ட்
ஜூன் 21, 1780

மாப்பிள்ளைக்கு,

நலம். பாலாடைக்கட்டியை நானே சாப்பிட்டேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது. வருத்தமில்லை.

ஒரு பன்றிக்கு அந்தப் பெயரை வைத்தது மன்னிக்க முடியாத குற்றம். இதைப் படித்த எங்கள் தலைமையக அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இருந்தாலும் நாங்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். கைதியை மரியாதையாக வைத்திருக்கிறோம். வயிறு நிறையக் கூழ் கொடுக்கிறோம். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுவதில்லை.

தொட்டிலின் பூச்சு இன்னும் காயவில்லை. மழை.

எந்தப் பக்கமாக உதைக்கிறது? எங்கள் அம்மாவுக்கு அதில் ஏதோ கணக்கு உண்டு. தங்கை பளு தூக்கக் கூடாது. நீர் தூக்கும்.

கிறிஸ்பின் லோவெட்

*

ஹாலோ துறை
ஜூலை 15, 1780

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்கு ஒன்றும் காயம் இல்லையே? முந்தாநாள் உங்கள் கரைக்கு வந்துபோனது என் படகுக்காரர்கள்தான். யாருக்கும் அடிபடவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பீப்பாய் ரம்மும், செர்ரிமரப் பலகைகள் கொஞ்சமும் கொண்டுவந்திருக்கிறார்கள். பலகைகளோடு பிறைபோல வளைத்துச் செதுக்கிய கட்டைகள் இரண்டு. எங்கள் பீரங்கிப் படைத் தலைவன் ஜேரட் அவற்றைத் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், என்னைத் தனியே கூப்பிட்டான்.

"சார், இது ஆட்டற பீரங்கி. இந்த வளைகட்டை மேல பீரங்கிய ஏத்தி, முன்னாடி பின்னாடி ஆட்டிக் குறி பாப்பாங்க. அரசர் ஆளுங்களோட ரகசிய ஆயுதம் சார். தலைமையகத்துக்கு எழுதிடலாமா?"

"எழுது, எழுது. அதுக்கு முன்னாடி அந்தப் பெரிய பலகையத் திருப்பு," என்றேன்.

திருப்பினான். அதில் பாதி செதுக்கிய பறவை ஒன்று இருந்தது. வாத்துபோல இருந்தது. காடையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், மச்சான். கண் கலங்கிவிட்டது. "என்ன சார்?" என்றான் ஜேரட். மரத்தூள் என்றேன்.

மெஹிதபெல் இந்தப் பலகைகளைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டாள். ஆனால் கைப்பற்றிய பொருளை எதிரிக்குச் சும்மா திருப்பிக் கொடுத்தால் என்னை விசாரணைக்கு நிறுத்துவார்கள். கைதிகளை மாற்றிக்கொள்வதற்குத்தான் நம் இரு படைகளுக்கும் விதி இருக்கிறதே: கேப்டனுக்குக் கேப்டன், சிப்பாய்க்குச் சிப்பாய். அதன்படி கேட்கிறேன். பன்றிக்குப் பலகை. சம்மதமா?

இதைப் படிக்கும் இரு தரப்பு அலுவலக நண்பர்களும், தயவுசெய்து, கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளவும்.

பொதுவாகச் சொல்கிறேன், காடைக்கு அலகு குட்டை.

அவசரமில்லை. ஆனால் செப்டம்பர் அவசரப்படும்.

எலிஹூ

*

லாங் ஐலண்ட்
ஜூலை 26, 1780

மாப்பிள்ளைக்கு,

சம்மதம். கைதி இந்தப் படகிலேயே வருகிறது. ஏற மறுத்தது. எங்கள் ஆட்களில் மிகத் திடமானவர்களைக் கூப்பிட்டேன். ஒருவனைக் கடித்துவிட்டது. கடைசியில் நானே குனிந்து, யாருக்கும் கேட்காமல், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே ஏறிவிட்டது. இதை எங்கள் தலைமையகம் படிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உமது ஆட்கள் எடுத்துப்போனவை வெறும் மரத்துண்டுகள். தொட்டில் பரணில் இருக்கிறது. அலகைப் பற்றிய தகவல் எனக்குத் தேவைப்படாது. இருந்தாலும் நன்றி.

நீர் அந்தத் தொட்டிலைப் பார்த்ததில்லை. நான் மறக்கவில்லை. அவள் பிறந்தபோது எனக்கு நாலு வயது. அதன் பக்கத்தில் நின்று நான்தான் ஆட்டுவேன். என் மோவாய் அதன் விளிம்பில் சரியாக இடிக்கும். எட்டி உள்ளே பார்த்தால் என் விரலைப் பிடித்துக்கொள்வாள், விடமாட்டாள். நான் நின்றபடியே தூங்கிப்போயிருக்கிறேன்.

அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். நலமா என்று நான் கேட்டதாக மட்டும் சொல்லும். அதையும் கடலில் மிதந்து வந்ததாகவே சொல்லும்.

கிறிஸ்பின்

*

லாங் ஐலண்ட்
செப்டம்பர் 2, 1780

மாப்பிள்ளைக்கு,

தொட்டில் வருகிறது. பழைய மரம், அதனால் கனம். இறக்கும்போது ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும். விளிம்பை என் கையாலேயே தடவிப் பார்த்தேன், சிம்பு ஏதும் இல்லை. நீரும் ஒருமுறை தடவிப் பாரும்.

அவள் என்ன சொன்னாள் என்று உடனே எழுதும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதும்.

கிறிஸ்பின்

*

ஹாலோ துறை
செப்டம்பர் 7, 1780

என் அருமை மச்சானுக்கு,

நலம், நலம், நலம்! எல்லோரும் நலம்! வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்கொடிப் படகு முரசு அடித்துக்கொண்டே கரைக்கு வந்தது. படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் அழுந்தியிருந்தது. போர்த்தியிருந்த கித்தானை எடுத்தார்கள். என் முகாமே வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றது. ஒபடையாதான் முதலில் வாயைத் திறந்தான்: "சார், இது தொட்டிலா? நம்ம மகாராணி குட்டி போட்டா குடும்பத்தோட படுக்கலாம் போலிருக்கே!" ஜேரட் சுற்றிச் சுற்றி வந்து, "நான் அப்பவே சொன்னேன், பீரங்கியேதான்," என்றான்.

வீட்டு வாசலில் நுழையவில்லை. கதவையும் நிலையையும் கழற்றினோம். உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள், பிரசவத்துக்குத் துணையாக வருகிறவர்களுக்கு என்று மெஹிதபெல்லே சுட்டு வைத்த கேக்கை, பிரசவத்துக்கு முன்பே பாதி தீர்த்திருந்தார்கள். எல்லோரும் வாயில் கேக்கோடு எழுந்து நின்றார்கள்.

மெஹிதபெல் மெல்ல வந்தாள். விளிம்பைத் தடவினாள். தலைப்பக்கம் குனிந்து அந்தப் பறவையைப் பார்த்தாள். (அலகைக் குட்டையாக்கியிருக்கிறீர்கள். இப்போது கோழிபோல இருக்கிறது.) பிறகு சிரித்தாள் பாருங்கள்! தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ!" என்றாள். மருத்துவச்சி கேக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே தள்ளினாள்.

விடிந்த பிறகு ஓர் ஆண் குழந்தை. அழுகைச் சத்தம் உங்கள் கரைக்குக் கேட்டிருக்கும். நான் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். மருத்துவச்சி கதவில்லாத வாசலில் கையை நீட்டித் தடுத்தாள்: "இருங்க, இருங்க, எங்க ஓடி வர்றீங்க? இன்னொண்ணு இருக்கு!"

இன்னொன்று பெண். இரண்டும் திடமாக இருக்கின்றன. இரண்டையும் அந்தத் தொட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம், மச்சான். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்திவிட்டன. காலடியில் பூனையும் படுத்திருக்கிறது.

மெஹிதபெல் தானே ஒரு கடிதம் எழுதி இதோடு வைக்கச் சொன்னாள். நான் படிக்கவில்லை. தலைமையகங்கள் படிக்கும், என்ன செய்ய.

எலிஹூ, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

*

அண்ணா,

நான் நலம். பிள்ளைகள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? விரலைக் கவனிக்காமல் பாலாடைக்கட்டி தின்றாயாமே. இவர் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். வேண்டாம் என்று நீ எழுதியதையெல்லாம் முதலில் படித்துக் காட்டினார்.

அம்மா தொட்டிலின் விளிம்பில் என் பல் பட்ட தடம் இருக்கும். இதில் இல்லை. பரணில் ஒன்றும் இல்லை என்று எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. குளிருக்கு எரிந்துபோனது போகட்டும். யாரோ ஒரு சிப்பாயின் கைகால் விறைக்காமல் இருந்திருக்கும்.

நின்றுகொண்டு என்னை ஆட்டியதாக எழுதியிருந்தாய். இல்லை அண்ணா. நீ எப்போதும் மண்டியிட்டு உட்கார்ந்துதான் ஆட்டுவாய் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தரையில் கிடக்கும் சின்னத் தொட்டில் அது. மண்டியிட்டதை மறந்துவிட்டு, மோவாயை மட்டும் நினைவில் வைத்து இதைச் செய்திருக்கிறாய். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் சிரித்தேன். அழுததும் அதனால்தான்.

அண்ணனே கிடையாது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இந்தத் தொட்டிலை என்னால் அசைக்க முடியவில்லை. இவர் ஆட்டினால் காலாணி வலிக்கிறதாம். ஒபடையா ஆட்டினால் வீடே ஆடுகிறது. பிள்ளைகள் இரண்டும் கத்துகின்றன. செய்தவனே வந்து ஆட்டட்டும்.

உன் தங்கை,
மெஹிதபெல்

*

லாங் ஐலண்ட்
செப்டம்பர் 15, 1780

கர்னல் எலிஹூ வார்ட்வெல் அவர்களுக்கு,

'கர்னல்' என்று எழுதினால்தான் உமது தலைமையகத்தில் அனுமதிச்சீட்டு கிடைக்கும் என்று என் உதவியாளன் சொன்னான். வேறு காரணம் ஏதுமில்லை.

அவள் கடிதம் வந்தது. எங்கள் தலைமையகத்திலிருந்து என் கைக்கு வரும்போது அதில் இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. முன்பு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாரே, அதே அதிகாரிதான் படித்தாராம். எனக்கு ஒருநாள் விடுப்பும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஒரு சிக்கல். அரசரின் மேஜராக வந்து இறங்கினால் நீர் என்னைக் கைது செய்தாக வேண்டும். சீருடை இல்லாமல் வந்தால் ஒற்றன் என்று தூக்கில் போட்டாக வேண்டும். என்ன பதவியில் வருவது? யோசித்து உடனே எழுதும். சீக்கிரம். பிள்ளைகள் கத்துகின்றன என்று எழுதியிருக்கிறாள்.

எல்லோர் நலமும் நாடி,
கிறிஸ்பின் லோவெட்

*

அனுமதிச்சீட்டு
ஹாலோ துறைக் காவல் முகாம், செப்டம்பர் 18, 1780

கரையிலுள்ள காவலர் அனைவருக்கும்: இதைக் கொண்டுவருபவரைத் தடுக்காமல், கேள்வி கேட்காமல், படகிலிருந்து கைகொடுத்து இறக்கி (கால் பெருவிரல் ஜாக்கிரதை) என் வீட்டுக்கு அழைத்துவரவும். கதவு இன்னும் மாட்டவில்லை, தட்ட வேண்டியதில்லை.

பெயர்: கிறிஸ்பின் லோவெட்.
வரும் காரியம்: தொட்டில் ஆட்ட.
பதவி: தாய்மாமன்.

எலிஹூ வார்ட்வெல், கர்னல்